ஒன்று குறைந்தால், ஒன்று கூடினால்

பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் மரபியல் பாடத்தை இருபது ஆண்டுகளாக நடத்திவருகிறேன். அதில் பால் குரோமோசோம் பிறழ்ச்சிகள் என்பது சிறிய பகுதிதான். டர்னர், கிளைன்ஃபெல்டர் என்று இரண்டு பெயர்களைக் கரும்பலகையில் எழுதி நடுவில் ஒரு கோடு போடுவேன். இடப்பக்கம் நான்கு அறிகுறிகள், வலப்பக்கம் நான்கு அறிகுறிகள். அரைப் பாடவேளையில் முடிந்துவிடும். வேறுபடுத்திக் காட்டச் சொல்லும் வினாவுக்கு இதைவிடத் தோதான பகுதி கிடையாது. மெல்லக் கற்கும் மாணவர்களிடம், "இதை விட்டுடாதீங்க, மூணு மார்க் உறுதி" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் நடத்திக்கொண்டிருந்தேன். "குட்டையான உருவம், பூப்பெய்தாமை, மலட்டுத்தன்மை" என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். கடைசி பெஞ்சில் இரண்டு பேர் முதல் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் பெஞ்சின் ஓரத்தில் இருந்த மாணவி எழுதுவதை நிறுத்தியிருந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து எங்கள் பள்ளியில் படிப்பவள். ஏழு ஆண்டும் காலை வழிபாட்டு வரிசையில் முதல் ஆளாக நின்றவள். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது. ஆனால் மணி அடித்ததும் நான் வெளியே வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. புதன்கிழமை அவளுடைய அம்மா வந்தார். ஆசிரியர் அறையில் நான்கு பேர் இருந்ததால் உள்ளே வரத் தயங்கி, ஆய்வகத்துக்குப் பின்னால் என்னை அழைத்துப் போனார்.

"பாடத்துல ஏதோ நோயைப் பத்திச் சொன்னீங்களாம் டீச்சர். அது தனக்குத்தான் இருக்குன்னு அழுவுது. பதினேழு முடியப் போவுது, இன்னும் வயசுக்கு வரல. வெளிய சொல்லவும் முடியல. குலதெய்வத்துக்கு வேண்டிக்கிட்டு இருக்கோம்."

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவர்களோடு நானும் போனேன். ரத்தம் எடுத்து, வெள்ளை அணுக்களை மூன்று நாள் வளர்த்து, குரோமோசோம்களைப் படம் பிடித்து வரிசைப்படுத்திப் பார்த்ததில் 45 இருந்தன. எக்ஸ் ஒன்றே ஒன்று. அதாவது டர்னர். எக்கோ எடுத்தபோது மகாதமனி வால்வில் மூன்று இதழ்களுக்குப் பதில் இரண்டுதான் இருப்பதும் தெரிந்தது. உடனடி ஆபத்து இல்லை, ஆனால் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த மருத்துவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "பத்து வயசுல ஏன் கூட்டிட்டு வரல?"

பள்ளிக்குத் திரும்பிப் பழைய உடல்நலப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். ஆறாம் வகுப்பில் 118 சென்டிமீட்டர். எட்டாம் வகுப்பில் 126. பன்னிரண்டில் 138. ஆறாம் வகுப்பில் அவளுக்கு அடுத்து நின்ற மாணவியைவிட ஒரு சாண் குறைவு. ஒவ்வோர் ஆண்டும் அளந்திருக்கிறோம், எழுதியிருக்கிறோம், கையெழுத்தும் போட்டிருக்கிறோம். இரண்டு ஆண்டு எண்களை அடுத்தடுத்து வைத்து யாரும் பார்க்கவில்லை. அதில் இரண்டு கையெழுத்துகள் என்னுடையவை.

இந்தக் கட்டுரையை அந்த மாணவி படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே அனுப்புகிறேன். அவளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். உயர அளவுகளை மாற்றவில்லை.

எண்ணிக்கை எப்படி மாறுகிறது

அதன்பின் இந்தப் பகுதியை நான் அறிகுறிகளிலிருந்து தொடங்குவதில்லை, எண்ணிலிருந்து தொடங்குகிறேன். மனிதருக்கு 46 குரோமோசோம்கள் என்று இன்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் சொல்கிறது. ஆனால் 1956 வரை பாடநூல்களில் 48 என்றுதான் இருந்தது. 1955 டிசம்பரில் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோ என்பவர் நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்தபோது திரும்பத் திரும்ப 46 தான் வந்தது. ஆல்பர்ட் லெவானுடன் சேர்ந்து அதை அடுத்த ஆண்டு வெளியிட்டார். அதுவரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நம்மைப் போன்ற ஆசிரியர்கள் 48 என்று நடத்தி, 48 என்று எழுதியவருக்கு மதிப்பெண்ணும் போட்டிருக்கிறார்கள். மாணவர்களுக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கிறது, ஏனோ.

சரியான எண் தெரிந்த பிறகுதான் ஒன்று கூடுவதையும் குறைவதையும் கண்டுபிடிக்க முடிந்தது. மூன்றே ஆண்டுகளில், 1959-இல், எடின்பரோவில் பாட்ரிசியா ஜேக்கப்ஸும் ஜான் ஸ்ட்ராங்கும் கிளைன்ஃபெல்டர் நிலையில் இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் இருப்பதைக் கண்டார்கள். அதே ஆண்டு சார்லஸ் ஃபோர்டு குழுவினர் டர்னர் நிலையில் ஒரு எக்ஸ் மட்டுமே இருப்பதைக் கண்டார்கள். ஹென்றி டர்னர் ஏழு பெண்களைப் பற்றி எழுதியது 1938-இல், ஹாரி கிளைன்ஃபெல்டர் ஒன்பது ஆண்களைப் பற்றி எழுதியது 1942-இல். இருவருக்கும் அப்போது காரணம் தெரியாது. வெளியில் தெரிந்ததைத்தான் எழுதிவைத்தார்கள்.

எப்படி ஒன்று கூடுகிறது என்பதற்கு அட்டைகள் போதும். சிவப்பு அட்டையில் எக்ஸ், நீல அட்டையில் ஒய். ஒருத்தி அம்மாவின் செல், கையில் இரண்டு சிவப்பு. ஒருவன் அப்பாவின் செல், கையில் ஒரு சிவப்பும் ஒரு நீலமும். குன்றல் பகுப்பில் இரண்டு கைகளும் பிரிய வேண்டும். அம்மாவின் கைகள் பிரியாமல் போனால் ஒரு அண்டத்துக்கு இரண்டு எக்ஸும் போகும், இன்னொன்று வெறுங்கையாக நிற்கும். இவற்றோடு அப்பாவின் இருவகை விந்து செல்களைச் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். மூன்று எக்ஸ், எக்ஸ்-எக்ஸ்-ஒய், ஒற்றை எக்ஸ், ஒற்றை ஒய் என்று நான்கு விடைகளையும் அவர்களே எழுதிவிடுகிறார்கள்.

"ஒற்றை ஒய்க்கு என்ன பேரு டீச்சர்?" என்று யாராவது கேட்பார்கள். பெயர் இல்லை, ஏனென்றால் அப்படி ஒரு குழந்தை பிறப்பதே இல்லை. எக்ஸ் குரோமோசோமில் எண்ணூறுக்கு மேற்பட்ட மரபணுக்கள் இருக்கின்றன. ரத்தம் உறைவதற்கு, தசைக்கு, நிறம் காண்பதற்கு, மூளை வளர்ச்சிக்கு என்று ஆண் பெண் இருவருக்கும் வேண்டியவை அவை. ஒய்யில் இருப்பவை நூறைத் தொட்டாலே அதிகம். ஒய் இல்லாமல் உலகின் பாதிப்பேர் வாழ்கிறார்கள், எக்ஸ் இல்லாமல் ஒருவர்கூட இல்லை.

பிறகு அப்பாவின் கைகள் பிரியாமல் போனால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டும். இதை விட்டுவிடாதீர்கள். முதல் பகுப்பில் பிரியாவிட்டால் எக்ஸும் ஒய்யும் ஒரே விந்து செல்லுக்குள் போகும். குழந்தை எக்ஸ்-எக்ஸ்-ஒய். கிளைன்ஃபெல்டர் நிலையில் ஏறக்குறையப் பாதி இப்படி அப்பா வழியில் வருவதுதான். இரண்டாம் பகுப்பில் ஒய்யின் இரு பாதிகளும் பிரியாவிட்டால் எக்ஸ்-ஒய்-ஒய். இது அப்பா வழியில் மட்டுமே வர முடியும். டர்னர் நிலையிலும் நான்கில் மூன்று பங்கு குழந்தைகளிடம் எஞ்சி நிற்பது அம்மாவின் எக்ஸ்தான், தொலைந்தது அப்பாவிடமிருந்து வந்திருக்க வேண்டியது. தாயின் வயதுக்கும் டர்னருக்கும் தொடர்பில்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் மேலே சொன்ன அம்மா பதினேழு ஆண்டுகள் மாமியார் வீட்டில் கேட்ட பேச்சு அப்படி. கருவுற்றபோது கிரகணத்தில் வெளியே போனதால்தான் பிள்ளை வளரவில்லை என்று அவரே நம்பியிருந்தார். அப்பா மேல் பழியை மாற்றிப் போடுவதும் நோக்கமல்ல. செல் பகுப்பில் நேரும் தற்செயல் இது, யாருடைய நடத்தையும் காரணமல்ல.

கருவுற்ற பிறகு முதல் சில பகுப்புகளில் ஒன்று தவறினாலும் இந்நிலை வரும். அப்போது உடலில் சில செல்களில் 46, சில செல்களில் 45 என்று கலந்திருக்கும். டர்னர் நிலையில் இருப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர்தான் எல்லாச் செல்லிலும் ஒற்றை எக்ஸ் உள்ளவர்கள். அதனால்தான் பாடநூல் படத்தில் உள்ளபடியே எல்லோரும் இருப்பதில்லை. கழுத்தில் தோல்மடிப்பு இல்லை, ஆகவே இது டர்னர் அல்ல என்று நாம் முடிவுகட்ட முடியாது. என் மாணவிக்கும் அது இல்லை.

ஈயும் மனிதரும்

1916-இல் கால்வின் பிரிட்ஜஸ் பழ ஈக்களில் இதே பிரியாமையைக் கண்டார். ஈக்களில் எக்ஸ்-எக்ஸ்-ஒய் பெண், ஒற்றை எக்ஸ் ஆண். எத்தனை எக்ஸ் என்பதுதான் ஈயில் பாலை முடிவுசெய்கிறது. மனிதரிலும் அப்படித்தான் இருக்கும் என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நினைத்திருந்தார்கள். 1959-இல் கிளைன்ஃபெல்டர், டர்னர் ஆகிய இரண்டின் குரோமோசோம்களும் தெரிந்தபோது கணக்கு தலைகீழானது. இரண்டு எக்ஸ் இருந்தும் ஒய் இருப்பதால் ஆண், ஒரே எக்ஸ் இருந்தும் ஒய் இல்லாததால் பெண். மனிதரில் ஒய்தான் திருப்புகிறது என்று நமக்குத் தெரிந்ததே இந்த மனிதர்களால்தான். ஒய்யில் அதைச் செய்யும் மரபணுவை, எஸ்ஆர்ஒய் என்பதை, 1990-இல் லண்டனில் கண்டுபிடித்தார்கள். கருவின் ஆறு, ஏழாம் வாரத்தில் சிறிது காலமே அது வேலை செய்கிறது. அதற்குள் இனப்பெருக்கச் சுரப்பி விந்தகமாகும் பாதையில் திரும்பிவிடுகிறது. அரிதாக இந்த மரபணு அப்பாவின் எக்ஸில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால், இரண்டு எக்ஸ் மட்டுமே உள்ள ஆணும் பிறப்பதுண்டு.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் உடனே விடை இல்லை. பெண்ணின் செல்லில் இரண்டு எக்ஸில் ஒன்று சுருண்டு பார் உறுப்பாகிவிடுகிறது, வேலை செய்வதில்லை என்று நடத்திக்கொண்டிருந்தேன். "அப்ப எல்லாப் பெண்ணுக்கும் ஒரு எக்ஸ்தானே வேலை செய்யுது? டர்னர்ல மட்டும் ஏன் பிரச்சினை வருது?" என்றான். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு அன்றிரவு தேடினேன். சுருண்ட எக்ஸ் முழுவதும் தூங்குவதில்லை. அதன் மரபணுக்களில் ஆறில் ஒன்றோ ஏழில் ஒன்றோ விழித்தேயிருக்கின்றன. எக்ஸ், ஒய் இரண்டின் நுனியிலும் பொதுவாக உள்ள பகுதி அப்படிப்பட்டது. எலும்பு வளர்ச்சிக்கு வேண்டிய ஷாக்ஸ் என்ற மரபணு அந்த நுனியில் இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அது இரண்டு படி, டர்னர் பெண்ணுக்கு ஒரு படி, ஆகவே உயரம் குறைகிறது. கிளைன்ஃபெல்டர் ஆணுக்கும் மூன்று எக்ஸ் பெண்ணுக்கும் மூன்று படி, அவர்கள் சராசரியைவிட உயரமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சினைமுட்டைகள் கருப்பையில் இருக்கும்போதே அழிந்துபோகாமல் நிலைக்கவும் இரண்டாவது எக்ஸ் வேண்டும். மறுநாள் அவன் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, கீழே அவன் பெயரையும் எழுதிவிட்டுத்தான் விடை சொன்னேன்.

வகுப்பறையில் யார்

டர்னர் ஏறத்தாழ 2,000 அல்லது 2,500 பெண் குழந்தைகளுக்கு ஒருவருக்கு. கிளைன்ஃபெல்டர் அதைவிட அதிகம், 500 முதல் 1,000 ஆண் குழந்தைகளுக்கு ஒருவருக்கு. ஒரு பெரிய மேல்நிலைப் பள்ளியில் ஒரு மாணவனாவது இருக்க வாய்ப்புண்டு என்று கணக்கு சொல்கிறது. ஆனால் நால்வரில் மூவருக்கு வாழ்நாள் முழுக்கக் கண்டறியப்படுவதே இல்லை. பலருக்குத் திருமணத்துக்குப் பிறகு குழந்தை இல்லையே என்று மருத்துவரிடம் போகும்போதுதான் தெரியவருகிறது. அதுவும் பெரும்பாலும் மனைவியை எல்லாச் சோதனைக்கும் உட்படுத்திய பிறகு.

தொடக்கப்பள்ளியில் அந்தப் பையன் எப்படி இருப்பான்? தாமதமாகப் பேசத் தொடங்கியிருப்பான். சொல்ல வந்ததைச் சொல்ல வார்த்தை தேடுவான். வாசிப்பில் பின்தங்குவான். அமைதியானவன், அதனால் நம் கண்ணில் படமாட்டான். நுண்ணறிவு பொதுவாக இயல்பான எல்லைக்குள்தான் இருக்கும். பதின்வயதில் கால்கள் நீண்டு வளரும், குரல் உடைவது தாமதமாகலாம், மார்பு சற்றுப் பெருத்து அதற்காகவே விளையாட்டு வேளையில் சட்டையைக் கழற்ற மறுப்பான். இந்த மார்பு வீக்கம் பதின்வயதில் இயல்பான பையன்கள் பலருக்கும் வந்து மறைவதுதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் கரும்பலகையில் செய்த தவற்றை இந்தக் கட்டுரையிலும் செய்தவளாவேன். டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையைப் பருவம் தொடங்கும் காலத்தில் ஆரம்பித்தால் தசை, எலும்பு, உற்சாகம் எல்லாவற்றுக்கும் பயன் உண்டு. இன்று விந்தகத்திலிருந்தே விந்து செல்களைத் தேடி எடுக்கும் நுண் அறுவை முறையால் சிலர் தந்தையாகவும் ஆகிறார்கள். ஆகவே மலட்டுத்தன்மை என்று ஒற்றைச் சொல்லில் எழுதுவது அறிவியல்படியும் முழுமையல்ல.

கிளைன்ஃபெல்டர் என்றதும் திருநங்கையரோடு சேர்த்துப் பேசும் பழக்கம் மாணவர்களிடம் மட்டுமல்ல, நம் ஓய்வறையிலும் உண்டு. இரண்டும் வேறு. கிளைன்ஃபெல்டர் நிலையில் இருப்பவர் ஆண், பெரும்பாலோர் தம்மை ஆணாகவே உணர்கிறார்கள். திருநங்கையர், திருநம்பியரில் பெரும்பாலோருக்குக் குரோமோசோம்கள் 46 தான், வழக்கமானவைதான்.

டர்னர் சிறுமி பேச்சிலும் வாசிப்பிலும் பெரும்பாலும் கெட்டிக்காரி. சிரமம் வடிவியலிலும் வரைபடத்திலும் வரும். என் மாணவி தமிழில் எப்போதும் முதலிடம். காம்பஸைக் கையில் கொடுத்தால் திணறுவாள். "தமிழ் மட்டும் எப்படி வருது, கணக்குன்னா மட்டும் சோம்பேறித்தனமா?" என்று கேட்கப்பட்டவள். நடுக்காதுத் தொற்று அடிக்கடி வரும், கேட்கும் திறன் மெல்லக் குறையலாம். பிறப்பில் கைகால் வீங்கியிருந்ததாக அம்மா சொல்லலாம். மகாதமனி ஓரிடத்தில் குறுகியிருக்கலாம், சிறுநீரகம் இரண்டும் இணைந்து லாடம்போல் இருக்கலாம். இவை வெளியில் தெரியாதவை. உயரம் ஒன்றுதான் எல்லோர் கண்ணிலும் படுவது. அதைத்தான் நாம் கேலிக்குரியதாக விட்டுவிடுகிறோம். வளர்ச்சி ஹார்மோனைச் சிறு வயதிலேயே தொடங்கினால் சில சென்டிமீட்டர் கூடும். எலும்பு நுனிகள் மூடிவிட்ட பிறகு பயனில்லை. என் மாணவிக்கு அது கடந்துபோயிற்று. ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை தொடங்கினார்கள். ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு மாதவிடாயும் வந்தது. எலும்பு வலுவுக்கு அந்தச் சிகிச்சை கட்டாயம் வேண்டும்.

மூன்று எக்ஸ் உள்ள பெண்கள் ஆயிரத்தில் ஒருவர். கூடுதல் எக்ஸ்களும் சுருண்டுவிடுவதால் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு அப்படி இருப்பதே தெரியாது.

எக்ஸ்-ஒய்-ஒய் பற்றி மட்டும் நான் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. என் கல்லூரிக் குறிப்பில் அதற்கு நேராகக் குற்ற மனப்பான்மை என்று எழுதியிருந்தது. பல ஆண்டுகள் அதையே நடத்தினேன். 1965-இல் ஸ்காட்லாந்தில் காவலுடன் கூடிய ஒரு மனநல மருத்துவமனையில் எதிர்பார்த்ததைவிட அதிகமாக எக்ஸ்-ஒய்-ஒய் ஆண்கள் இருப்பதாகக் கண்டதிலிருந்து தொடங்கிய பேச்சு அது. 1966-இல் சிகாகோவில் எட்டுச் செவிலிய மாணவியரைக் கொன்ற ரிச்சர்டு ஸ்பெக் அப்படிப்பட்டவன் என்று செய்தித்தாள்கள் எழுதின. அவனுடைய குரோமோசோம்கள் சாதாரண எக்ஸ்-ஒய் தான். 1976-இல் டென்மார்க்கில் கோபன்ஹேகன் பகுதியின் உயரமான ஆண்களை ஆராய்ந்தபோது இவர்களுக்கு வன்முறைக் குணம் அதிகம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் பழைய குறிப்புகளை நம்பி இன்னும் பலர் இதைச் சொல்கிறார்கள். உங்கள் குறிப்பேட்டில் இருந்தால் அடித்துவிடுங்கள்.

ஓடுகளத்தில் பார் உறுப்பு

பார் உறுப்புகளை எண்ணுவது எளிது. எக்ஸின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. கன்னத்தின் உட்புறச் செல்லைச் சுரண்டிச் சாயமிட்டால் தெரியும். இதையே 1968 முதல் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான சோதனையாக வைத்தார்கள். வகுப்பில் இதைச் சொல்லி, இந்தச் சோதனையில் டர்னர் பெண் என்ன ஆவாள், கிளைன்ஃபெல்டர் ஆண் என்ன ஆவான் என்று கேளுங்கள். டர்னர் பெண்ணுக்குப் பார் உறுப்பே இல்லை, தோற்றுவிடுவாள். கிளைன்ஃபெல்டர் ஆணுக்கு ஒன்று இருக்கிறது, தேறிவிடுவான். அவர்களே கண்டுபிடிக்கும் அந்த நிமிடத்தில் வகுப்பு சற்று அமைதியாகும்.

ஸ்பெயின் நாட்டுத் தடையோட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்டினெஸ் பட்டினோ 1985-இல் ஜப்பானின் கோபே நகரில் இந்தச் சோதனையில் தோற்றார். அவருக்கு எக்ஸ்-ஒய் குரோமோசோம்கள், ஆனால் ஆண் ஹார்மோனை அவருடைய செல்கள் ஏற்பதில்லை. பிறந்தது முதல் பெண்ணாகவே வளர்ந்தவர். பதக்கங்களையும் சாதனைகளையும் பறித்தார்கள். போராடி 1988-இல் மீண்டும் ஓடும் உரிமை பெற்றார். நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்திரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்று, பாலினச் சோதனைக்குப் பின் அதை இழந்ததை மாணவர்கள் பலர் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அவருடைய உடல்நிலை என்ன என்று விளக்கும் வேலை நம்முடையது அல்ல, அதை நான் வகுப்பில் பேசுவதில்லை. மணம், கணக்கு, மதிப்பெண் எதுவும் கேட்காமல் ஓடி வென்ற ஒருவரின் உடல் செய்தித்தாளில் விவாதமானது சரியா என்று மட்டும் கேட்கிறேன். விவாதம் இரண்டு பக்கமும் நடக்கும். நடக்கட்டும்.

பதிவேட்டைப் புரட்டுவது

இப்போது நான் நடத்தும் முறையில் வேறு சில மாற்றங்களும் உண்டு. "நோயாளி", "குறைபாடுள்ளவர்" என்பதற்குப் பதில் "இந்த நிலையில் இருப்பவர்" என்கிறேன். பாடநூல் படத்தைக் காட்டும் முன், இந்த வகுப்பிலும் நம் தெருவிலும் இவர்கள் இருக்கலாம் என்று சொல்லிவிடுகிறேன். பொதுத்தேர்வுக்கு வேண்டிய அறிகுறிகளைக் கடைசியாக, சுருக்கமாகச் சொல்கிறேன். மதிப்பெண் குறையவில்லை.

தொடக்க, நடுநிலை வகுப்பு ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நான்கு வயதுக்குப் பிறகு பருவம் தொடங்கும்வரை ஒரு குழந்தை ஆண்டுக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளர வேண்டும். நான்குக்கும் கீழே போனால் பார்க்க வேண்டும். பதின்மூன்று வயது முடிந்தும் பருவ மாற்றம் தொடங்காத பெண், பதினைந்து வயது முடிந்தும் பூப்பெய்தாத பெண் ஆகியோரையும் மருத்துவர் பார்க்க வேண்டும். ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும் நாளில் அந்த எண்களை அவர்களிடம் தனியாகக் கொடுங்கள். அங்கிருந்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பெயரிட்டு நோயைச் சொல்வது நம் வேலையில்லை. அம்மாவிடம் "உயரம் கொஞ்சம் கம்மியா இருக்கு, ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுவோம்மா" என்று சொன்னால் போதும். மற்ற பிள்ளைகள் முன்னால் சொல்லக் கூடாது.

இந்த ஜூன் மாதம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கடந்த ஆண்டுகளின் உயரங்களை வரைபடத் தாளில் குறித்தோம். எட்டாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர் உதவினார், மூன்று மாலைகள் ஆயின. மூன்று கோடுகள் மற்றவற்றைவிடத் தாழ்ந்திருந்தன. ஒரு பையனின் பெற்றோர் இருவருமே குட்டை, அவன் கோடு தாழ்ந்திருந்தாலும் சீராக ஏறுகிறது. ஒரு சிறுமிக்குத் தைராய்டு குறைவு, மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். மூன்றாவது, ஏழாம் வகுப்புச் சிறுமி. அவளுடைய ரத்த மாதிரி போன வாரம்தான் போயிருக்கிறது.